துப்பாக்கி லைசென்ஸும் துப்பாக்கிப் பராமரிப்பும்: மலையடிவார அங்கத்தினர்கள் அறிய வேண்டுவன

மலையடிவாரக் கிராமங்களில் உள்ள நம் சங்க அங்கத்தினர்களுள் சிலருடைய வீடுகளில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிகள் உள்ளன. பெரும்பாலானவை தந்தை, பாட்டனார் காலத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கென வாங்கப்பட்டவை. அவற்றைப் பற்றிய சட்டம் கண்டிப்பானது. அதனைத் தெரிந்துகொள்ளாமல் துப்பாக்கியை வைத்திருப்பது, ஷரத்துகளைப் படிக்காமல் கடன் பத்திரத்தில் கையொப்பமிடுவதைக் காட்டிலும் ஆபத்தானதாகும். கடன் பத்திரம் கையைக் கடிக்கும். இது சிறைக்கே கொண்டுபோகும்.

இன்று நடைமுறையில் உள்ளது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். இது 1962 அக்டோபர் முதல் தேதி அமலுக்கு வந்தது. இதற்கு முன் இருந்தது லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது 1878-இல் இயற்றப்பட்ட சட்டம். இந்தியர் லைசென்ஸ் இன்றி ஆயுதம் வைத்திருக்கலாகாது என்றும், ஐரோப்பியருக்கு அக்கட்டுப்பாடு இல்லை என்றும் இருந்த அந்த ஏற்பாட்டைத் தேசத் தலைவர்கள் வன்மையாகக் கண்டித்தனர். சுதந்திர இந்தியாவின் சட்டம் அந்த வேற்றுமையை நீக்கியதே தவிர, லைசென்ஸ் முறையைத் தளர்த்திவிடவில்லை. குடகு நாட்டவருக்கு மட்டும் ஆங்கிலேயர் காலத்திலிருந்து வரும் விலக்கு ஒன்று உண்டு. மத்திய அரசு அதனை 2019-இல் மேலும் பத்து ஆண்டுகளுக்கு நீட்டித்தது; கர்நாடக உயர்நீதிமன்றமும் 2021-இல் அது செல்லும் என்றது. எல்லைக்கு அப்பால் குடகில் உள்ள உறவினர் லைசென்ஸ் இன்றி வைத்திருக்கிறாரே என்று நம்மவர் எவரும் எண்ணிவிடக் கூடாது. அந்த விலக்கு நமக்கு இல்லை.

துப்பாக்கி என்று பொதுவாகச் சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் எல்லாம் ஒன்றல்ல. குழலின் உட்புறம் வழவழப்பாக இருந்தால் அது சாதாரணத் துப்பாக்கி. ரவை நிறைந்த தோட்டாவைச் சுடும் பன்னிரண்டு போர் இவ்வகையைச் சேர்ந்தது. உட்புறம் திருகு வரிகள் வெட்டப்பட்டிருந்தால் அது ரைபிள். ஒற்றைக் குண்டைச் சுழல வைத்து நெடுந்தூரம் அனுப்ப வல்லது. மூன்றாவது, குழலின் வாய் வழியாகக் கருமருந்தையும் ரவையையும் கெட்டிக்கும் பழைய வகை. இருபது அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட சாதாரணத் துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்பவருக்கும், மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்குக் கேட்பவருக்கும், மறுப்பதற்குரிய காரணம் இல்லாத வரையில் லைசென்ஸ் வழங்க வேண்டும் என்பது சட்டத்தின் 13-ஆம் பிரிவு. ரைபிளுக்கு அந்தச் சலுகை இல்லை. அது தேவை என்பதற்கு மனுதாரர் தக்க காரணம் காட்டியாக வேண்டும்.

ரைபிளிலும் படைகள் பயன்படுத்தும் .303 போன்ற அளவுகள் தடை செய்யப்பட்ட வகையில் அடங்கும். சிப்பாய்களின் தோட்டா வெளியார் துப்பாக்கிக்குப் பொருந்திவிடக் கூடாது என்ற அச்சம் ஆங்கில ஆட்சியிலேயே தோன்றியதாகும். அதனால்தான் நம் நாட்டில் .315 என்னும் தனி அளவு பரவிற்று. இஷாப்பூர் தொழிற்சாலை அதனைப் பொதுமக்களுக்காகவே செய்து வந்திருக்கிறது. ஒரு குடும்பத்தின் அலமாரியில் எந்த ரைபிள் இருக்கலாம் என்பதை நூறாண்டுக்கு முந்தைய ஓர் அச்சம் இன்றளவும் தீர்மானிக்கிறது என்பது வியப்பாகவே இருக்கிறது.

சொத்து இல்லாதவருக்கு லைசென்ஸ் கிடைக்காது என்று பல அங்கத்தினர்கள் கருதுகின்றனர். இது தவறான எண்ணம். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தைக் கொண்டு மனுவை நிராகரிக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். மனுதாரருக்கு மேல்முறையீட்டு உரிமையும் உண்டு. வயது மட்டும் 21 நிரம்பியிருக்க வேண்டும்.

2019 டிசம்பரில் செய்யப்பட்ட திருத்தத்தை இன்னும் அறியாதவர் பலர். முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம், இப்போது இரண்டுதான். மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைத்திருக்க வேண்டும். அந்தக் கெடு 2020 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. பாட்டனார் வழியில் வந்ததாயினும் இரண்டு என்ற கணக்கில் சேரும். லைசென்ஸின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்த்தப்பட்டது நன்மையே. ஆனால் லைசென்ஸ் இன்றி வைத்திருப்பதற்கான தண்டனை, இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் ஐந்து ஆண்டுகள் வரை சிறை என்று கடுமையாகியிருக்கிறது. திருவிழாவிலும் கல்யாண ஊர்வலத்திலும் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி சுடுவதும் இப்போது தனிக் குற்றம்.

இனிச் சொல்லப் போவதே இக்கட்டுரையின் முக்கிய நோக்கம். லைசென்ஸ் என்பது ஆளுக்குரியது, வீட்டுக்குரியது அன்று. தந்தையின் லைசென்ஸில் மகன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இரவில் காவலுக்குப் போகக் கூடாது. லைசென்ஸ்தாரர் உடனிருக்கும்போதோ, அவருடைய எழுத்து மூலமான அனுமதியுடனோ, பழுது பார்க்கவும், லைசென்ஸைப் புதுப்பிக்கவும், அவருடைய உபயோகத்துக்காகவும் மற்றொருவர் எடுத்துச் செல்லலாம். அதற்குமேல் இல்லை.

லைசென்ஸ்தாரர் காலமாகும்போது நேர்வது யாது? சங்கங்களைத் தணிக்கை செய்யச் செல்லுகையில் இதனை அடிக்கடி காண்கிறேன். அங்கத்தினர் இறந்தால் பங்குத் தொகையை வாரிசுக்கு மாற்றுகிறோம். கடன் நிலுவையைக் கணக்கிடுகிறோம். பட்டா மாறுதலுக்கு மனு எழுதிக் கொடுக்கிறோம். பரணில் சாக்கில் சுற்றிக் கிடக்கும் துப்பாக்கியை எவரும் நினைப்பதில்லை. ஒரு கிராமத்தில் விதவைத் தாயார் ஒருவர் மூன்று ஆண்டுகள் அவ்வாறு வைத்திருந்தார். அவருக்கு அதனைத் தொடவும் அச்சம். ஆயினும் சட்டப்படி அது அவர் வசம் இருந்த லைசென்ஸ் அற்ற ஆயுதம். கணவர் நினைவாக இருக்கட்டும் என்று வைத்திருந்த பொருளுக்கு இரண்டாண்டுச் சிறை என்ற வார்த்தையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. சங்கத் தலைவரே உடன் சென்று ஒப்படைக்கச் செய்தார்.

செய்ய வேண்டியது எளிது. லைசென்ஸ்தாரர் இறந்தவுடன், தாமதமின்றி, துப்பாக்கியையும் எஞ்சிய தோட்டாக்களையும் அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெறுக. துப்பாக்கியின் நம்பர் ரசீதில் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர் வாரிசு தம் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனுச் செய்யலாம். உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழியுண்டு. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது நிரம்பினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, வாரிசுக்கு லைசென்ஸ் வழங்குவதைப் பரிசீலிக்க 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இடமளிக்கின்றன. வயதான அங்கத்தினர்கள் இதனைப் பயன்படுத்திக்கொள்வார்களாக. விற்பதானால் 45 நாட்களுக்கு முன்பே மாவட்ட நீதிபரிபாலன அதிகாரியாகிய கலெக்டருக்கோ, போலீஸ் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும்.

சங்கக் காரியதரிசிகளுக்கும் ஒரு சொல். தேர்தல் காலத்தில் ஒப்படைக்கும் உத்தரவு வந்ததும், போலீஸ் நிலையத்தில் துருப்பிடிக்குமே என்று எண்ணிச் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் வைக்கும்படி சில அங்கத்தினர்கள் கேட்கின்றனர். இரக்கப்பட்டு இணங்கிவிடக் கூடாது. நகையை வைப்பது போல இதனை வைக்க இயலாது. பெட்டிச் சாவி யாரிடம் உள்ளதோ அவர் லைசென்ஸ் இல்லாத ஆயுதத்தை வைத்திருப்பவர் ஆகிவிடுவார். கடனுக்கு ஈடாகவும் பெறலாகாது. தனிப்பட்ட ஆபத்து உள்ளவர்கள் விலக்குக் கேட்டு, மாவட்டத்தில் அதற்கென உள்ள குழுவுக்கு மனுச் செய்யலாம்.

அடுத்து வனவிலங்குச் சட்டம். பயிர்ப் பாதுகாப்புக்கென லைசென்ஸ் இருப்பதனால் காட்டுப்பன்றியைச் சுடலாம் என்ற நம்பிக்கை கிராமங்களில் வேரூன்றியிருக்கிறது. இது பெரும் பிழை. ஆயுதச் சட்டம் துப்பாக்கியை வைத்திருக்க மட்டுமே அனுமதிக்கிறது. விலங்கைக் கொல்லும் அனுமதி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனியே பெற வேண்டியது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் காட்டுப்பன்றி அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. அனுமதியின்றிச் சுட்டவர் தண்டிக்கப்பட்டால், துப்பாக்கி அரசுடைமையாகும். லைசென்ஸை ரத்துச் செய்து ஐந்து ஆண்டுகளுக்குப் புதிய லைசென்ஸ் பெறத் தகுதியற்றவர் என்று உத்தரவிடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் சுட நேர்ந்தால் அது குற்றமன்று. ஆயினும் உடனே வன இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும், இறந்த விலங்கு அரசுக்கே உரியது.

கேரளத்தில் 2022 முதல் ஊராட்சித் தலைவர்கள் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி தரும் ஏற்பாடு செய்யப்பட்டது. நம் மாநிலத்தில் 2025 ஜனவரியில் வந்த ஏற்பாடு வேறு. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுட அனுமதியில்லை. ஒன்று முதல் மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவர். விவசாயி தன் துப்பாக்கியால் சுடுவதற்கு இதில் இடமில்லை. ஓர் இரவில் கிழங்குத் தோட்டம் முழுவதையும் இழந்தவனுக்கு இந்தக் கிலோமீட்டர்க் கணக்கு ஆறுதல் தராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவுட்டுக்காய் வைப்பதும், வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதும் அதற்கு மாற்றாகா. அவை பன்றி என்றும் பிள்ளை என்றும் பார்ப்பதில்லை.

சரணாலயத்தின் பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் உள்ளோர்க்கு மேலும் ஒரு கடமை உண்டு. சரணாலயம் அறிவிக்கப்பட்ட மூன்று மாதங்களுக்குள் லைசென்ஸ்தாரர்கள் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் பதிவு செய்துகொள்ள மனுச் செய்ய வேண்டும் என்பது 34-ஆம் பிரிவு. அவ்வெல்லைக்குள் புதிய லைசென்ஸ் வழங்கவும் அவருடைய முன் இசைவு வேண்டும். சத்தியமங்கலம் சரணாலயமானது 2008-இல். அதற்கு முன் லைசென்ஸ் பெற்ற குடும்பங்கள், பதிவு நடந்ததற்கான சான்று தம்மிடம் உள்ளதா என்று தேடிப் பார்ப்பது நலம்.

பராமரிப்பைப் பற்றி நூல்களில் நீளமாக எழுதியிருப்பினும், நம் ஈரமான மலைக்காற்றுக்கு வேண்டியவை சிலவே. துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் முதற் காரியம், அது காலியாக உள்ளதா என்று பார்ப்பது. மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் இதனைக் கண்ணால் காண இயலாது. ஆகவே காலிக் குழலினுள் இடிகுச்சியை விட்டு, வாயளவில் ஒரு கோடு செதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் எப்போது விட்டாலும் கோடு குழல்வாய்க்கு மேலே நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது என்று பொருள். கேப்பை எடுத்துவிட்டால் போதும் என்று கெட்டித்தபடியே சுவரில் மாட்டி வைப்பவர்கள் உள்ளனர். அந்த வழக்கத்தை இன்றே விட வேண்டும்.

கருமருந்தின் கசடு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, நன்கு உலர்த்தி, அதன்பின்தான் எண்ணெய் இட வேண்டும். பழைய தோட்டாக்களின் கேப்பு விட்டுச் செல்லும் உப்பும் நீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. ரைபிளில் வரிகள் தேயாதிருக்க, கூடுமானவரை பின்புறத்திலிருந்தே குச்சியைச் செலுத்துக. கஞ்சி ஏறாத பழைய பருத்தித் துணியே சிறந்தது. நெசவாளர் வீட்டில் இதற்குப் பஞ்சமில்லை. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் பிசினாக இறுகிவிடுமாதலால் துப்பாக்கிக்குரிய கனிம எண்ணெயையே வாங்க வேண்டும். அதுவும் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். மிகுதியானால் வழிந்து மரக்கட்டையை ஊறச் செய்து கெடுத்துவிடும். தோலுறையிலோ சாக்கிலோ சுற்றி வைப்பதே துருவுக்கு முதற்காரணம். அவை ஈரத்தைப் பிடித்து வைக்கும். உறையின்றி, பூட்டிய அலமாரியில் வைத்து, தோட்டாவை வேறிடத்தில் தனியே பூட்ட வேண்டும்.

மாதக்கணக்கில் கிடந்த துப்பாக்கியின் குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாராமல் சுடலாகாது. குளவி மண்கூடு கட்டியிருக்கும். அடைபட்ட குழல் வெடித்தால் முதலில் போவது பிடித்திருப்பவரின் இடக்கை. இரும்பும் எஃகும் பின்னி அடித்த, வரிவரியாகத் தோன்றும் மிகப் பழைய குழல்களில் இக்காலத் தோட்டா கூடாது. பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் சிலவற்றின் அறை 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கென வெட்டப்பட்டது. இன்றைய 70 மில்லிமீட்டர்த் தோட்டா உள்ளே நுழைந்துவிடும், ஆனால் வெடிக்கும்போது அழுத்தம் மிகும்.

பழுதை ஊர்க் கொல்லரிடம் காட்டக் கூடாது. பழுது பார்ப்பதற்கும் தனி லைசென்ஸ் வேண்டும். அது இல்லாமல் செய்பவர் கடுந்தண்டனைக்கு உள்ளாவார். குழலை வெட்டிக் குறைப்பதும் அவ்வாறே. லைசென்ஸ் முடியும் தேதியைச் சங்கப் பாஸ் புத்தகத்தின் உள்ளட்டையில் குறித்து வைத்து, இரண்டு மாதங்களுக்கு முன்பே புதுப்பிக்கும் மனுவைக் கொடுத்து, அதற்கான ரசீதை லைசென்ஸுடன் சேர்த்து வைத்துக்கொள்க.