கூலி கேட்கக் கூசாதே, மருமகனே

மருமகனே, ஆடி மாதக் கோயில் கொடைக்கு உன்னைத் தனியாக வில்லுப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று உன் அம்மா சொன்னாள். எவ்வளவு பேசியிருக்கிறான் என்று கேட்டேன். "சின்னப் பையன்தானே, பாடிப் பழகட்டும்னு சொன்னாங்களாம். காசு பேசலை" என்றாள். பாட்டும் கதையும் உன் குரு சொல்லித் தந்துவிட்டார். அவர் சொல்லாமல் விட்டதை, இந்தப் புளியறையில் உட்கார்ந்து நான் எழுதுகிறேன்.

1. தொகை பேசாமல் வெற்றிலை பாக்கைத் தொடாதே. எவ்வளவு பணம், வண்டிக்கூலி யார் பொறுப்பு, சாப்பாடு எங்கே, எத்தனை மணிக்கு வில் பூட்டுவது, யார் கையால் பணம் வரும், எல்லாவற்றையும் அச்சாரம் வாங்கும்போதே பேசி ஒரு நோட்டில் எழுதிக்கொள். கொடை முடிந்த காலையில், கோயில் வரிக்கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது. என் குரு, காப்பு விருத்தம் பாடுகிற அதே குரலில் தொகையைச் சொல்வார். சொன்ன பிறகு ஒரு வார்த்தை கூடப் பேசமாட்டார்.

2. "அம்மன் காரியம், இதுக்குப் போய்க் காசு கேக்கலாமா?" என்பார்கள். உன் வாயை அடைப்பது இந்தச் சொல்தான். பந்தல்காரருக்கும் மைக்செட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் அதே அம்மன் காரியத்தில் பணம் எண்ணி வைக்கிறார்கள். பாடுகிறவனிடம் மட்டும் பக்தியை எதிர்பார்க்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் படித்தவர் யாரிடமாவது கேட்டுப்பார். ராஜராஜ சோழன் அங்கே கோயிலில் ஆடும் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஆளுக்கு ஒரு வீடும் ஒரு பங்கும் கொடுத்தான். ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆட்டுவித்த நட்டுவருக்கு இரண்டு பங்கு. பாடியவர், கொட்டியவர், தச்சர், தையற்காரர் என்று எல்லோருக்கும் பங்கு வகுத்துக் கல்லில் வெட்டி வைத்தான். ஈசனுக்குச் செய்வது புண்ணியம், நெல் எதற்கு என்று அந்தப் பேரரசனுக்கே கேட்கத் தோன்றவில்லை. இதைச் சண்டையாகச் சொல்லாதே. கும்பிட்டுவிட்டுச் சொல்.

3. இந்த மண்ணின் பழைய கதையும் உனக்குத் தெரிய வேண்டும். 1956 நவம்பர் 1 வரைக்கும் நம் செங்கோட்டைப் பகுதி திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அரண்மனைக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்த மக்கள் உண்டு. ஊழியம் என்பார்கள். சாதியால் கீழே தள்ளப்பட்டவர்கள் தலையில்தான் அது விழுந்தது. சாமிதோப்பு அய்யா வைகுண்டர் அதை எதிர்த்துப் பேசியவர். பின்னாளில் நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு அப்படி வேலை வாங்குவதைத் தடுத்தது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டடத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உன்னை யாரும் கட்டி இழுத்துப் போகவில்லை, உண்மைதான். ஆனாலும் யாரிடம் சும்மா கேட்கிறார்கள், யாரிடம் கேட்கப் பயப்படுகிறார்கள் என்று கவனித்துப் பார். மேளக்காரரிடமும் பறையடிக்கிறவரிடமும் எந்தக் குரலில் கேட்கிறார்கள் என்று காது கொடு. அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்பது உனக்கே புரியும்.

4. பேர் கிடைக்கும், யூடியூபில் போடுகிறோம் என்பார்கள். போடட்டும். கூலிக்கு மேலே பேரும் வந்தால் சந்தோஷம்.

5. நீ வாங்குகிற தொகை உன் ஒருவனுக்கு இல்லை. குடம் அடிப்பவர், உடுக்கைக்காரர், தாளம், பின்பாட்டு என்று அத்தனை பேர் வீட்டு அரிசியும் அதில்தான் இருக்கிறது. பெருந்தன்மை காட்டுகிறேன் என்று நீ விட்டுக்கொடுத்தால் அது அவர்கள் கையிலிருந்து எடுத்துக் கொடுத்ததாகும். இன்னொன்றும் நடக்கும். ஒரு ஊரில் ஒரு இளம் குழு சும்மா பாடிவிட்டுப் போனது. அடுத்த கொடைக்கு, பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்த ஒரு பாடகி தொகை சொன்னபோது, "போன வருஷம் வந்த பையங்க காசே வாங்கலையே" என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பையன்கள் நல்லவர்கள்தான். தங்களால் ஒருத்திக்குப் பிழைப்பு போனது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

6. அதற்காக, சும்மா பாடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். உடுக்கை வாசித்த கூட்டாளி ஒருவர் படுக்கையில் விழுந்தபோது, என் குரு தானாகவே போய் ஓர் இரவு முழுக்கப் பாடி, விழுந்த பணத்தை அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடு, இல்லாதவர்களுக்குப் பாடு. ஆனால் என் தொகை இன்னது, அதை நான் மனதாரத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாடு. வாங்குகிறவருக்கும் தான் பெற்றது என்னவென்று தெரிய வேண்டும்.

7. ஒத்துவராவிட்டால் முகம் சுளிக்காமல் எழுந்து வா. அதியமான் என்ற அரசனின் வாசலில் பரிசில் தாமதமானபோது, ஔவையார் காவலனிடம் பேசுவதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு, 206ஆவது. மழுவோடு காட்டுக்குள் போகிற தச்சன் பிள்ளைகளுக்கு மரம் கிடைக்காமல் போகுமா, அதுபோல வித்தை உள்ளவருக்கு எந்தத் திசையிலும் சோறு உண்டு என்று சொல்லி, யாழையும் பையையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். கலைஞனையும் தச்சனையும் ஔவை ஒரே வரிசையில் நிறுத்தியதை நான் பெரிதாக நினைக்கிறேன். அதே அதியமான், பெருஞ்சித்திரனார் என்ற புலவரை நேரில் பார்க்காமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். அவர் வாங்க மறுத்துவிட்டார். அது 208ஆவது பாட்டு. பணம் சரியாக இருந்து மரியாதை குறைந்தாலும் யோசி. "இந்த வருஷம் தோதுப்படலை அண்ணாச்சி, அடுத்த கொடைக்குப் பாப்போம்" என்று சொன்னால் உறவு முறியாது.

8. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இல் வந்தது. அதில் பதிந்து அட்டை வாங்கிவிடு. உன் குழுவில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் நீயே மனு எழுதிக் கொடு.

9. கூலி கேட்கிறவன் கூலி கொடுக்கவும் தெரிந்தவனாக இருக்க வேண்டும். குடம் வனைந்து தரும் குயவரிடம் பேரம் பேசாதே. பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியன் தம்பியைக் கூப்பிட்டு "சும்மா இதை மட்டும் பாத்துட்டுப் போ" என்று சொல்லாதே, பார்த்ததற்குக் கொடு. சித்தி தைத்துத் தருகிற சட்டைக்கும் கொடு. கொடை முடிந்து வில்லை அவிழ்த்ததும், ஊருக்குத் திரும்பும்வரை காத்திராமல், அங்கேயே உன் ஆட்களின் பங்கைப் பிரித்துவிடு. வயதில் மூத்தவருக்கு முதலில். மடித்துக் கையில் திணிக்காமல் எண்ணிக் கொடு; அவர்களும் எண்ணி முடிக்கும்வரை பக்கத்திலேயே நில்.