கழிவு என்கிறார் கொத்தனார்

அன்புள்ள பூதலூர் வாசகருக்கு,

அறுவடை முடிந்த கையோடு வீட்டு வேலையைத் தொடங்கப் போகிறீர்கள். பொறியாளர் ஸ்லாக் சிமென்ட் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கொத்தனாரோ, "அது இரும்பாலைக் கழிவுங்க, வேணாம்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்கிறீர்கள். இருவர் பேச்சையும் கேளுங்கள்.

கழிவுதான், மறுப்பதற்கில்லை. ஊது உலையில் இரும்புத் தாதுவோடு சுண்ணாம்புக்கல்லையும் போடுவார்கள். தாதுவிலுள்ள மணலும் களிமண்ணும் சுண்ணாம்போடு கூடி, உருகிய இரும்பின் மேல் ஸ்லாக் என்ற கசடாக மிதக்கும். அந்தக் குழம்பின் மீது தண்ணீரைப் பீய்ச்சி நொடியில் குளிர்வித்தால், கண்ணாடித் தன்மையுள்ள குருணையாகிவிடும். அதை மாவாக அரைத்தால் சிமென்டோடு சேர்ந்து இறுகும். 1862இலேயே ஜெர்மனியில் எமில் லாங்கன் இதைக் கண்டுகொண்டார்.

மெதுவாக ஆறிய கசடுக்கு இந்தக் குணம் வராது. எஃகு உலைக் கசடோ இன்னும் மோசம். அதில் தங்கிவிட்ட சுண்ணாம்பு பின்னாளில் உப்பி, பூச்சையும் தளத்தையும் வெடிக்க வைக்கும். ஆகவே மலிவாக லாரியில் வந்து இறங்கும் கசடைத் தொடாதீர்கள். கொத்தனாரின் பயம் அந்த இடத்தில் நியாயமானது.

பொறியாளர் பக்கமும் நியாயம் உண்டு. சிமென்ட் தண்ணீர் குடித்து இறுகும்போது சுண்ணாம்பை வெளிவிடும். ஸ்லாக்கைத் தூண்டி வேலை செய்ய வைப்பது அதுதான். கான்கிரீட்டின் நுண்துளைகள் அடைபட, உப்பு கம்பியை எட்டத் தாமதமாகும். இறுகும்போது சூடும் குறைவு. இன்னொரு நன்மையும் உண்டு. கொள்ளிடத்துக்கு அக்கரையில் அரியலூரிலும் டால்மியாபுரத்திலும் சுண்ணாம்புக்கல் குழிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்லைச் சுட்டு சிமென்டின் மூலப்பொருளான கிளிங்கரை ஒரு டன் எடுக்க, முக்கால் டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. ஸ்லாக் எவ்வளவு சேர்கிறதோ, அவ்வளவு கிளிங்கர் மிச்சம். ஸ்லாக் தரும் ஊது உலையோ மேட்டூர் பக்கம் பொட்டனேரியிலேயே இருக்கிறது.

ஆனால் ஸ்லாக் சிமென்ட் சம்பா நெல் மாதிரி. குறுவையின் அவசரம் இதற்கு ஆகாது. முதல் வாரத்தில் பலம் குறைவாகவே காட்டும், 28 நாளில் எட்டிப் பிடிக்கும், பிறகும் ஏறும். நீங்கள் தளம் போடப்போவதோ கோடையில். மேற்பரப்பு காய்ந்துவிட்டால் ஏற வேண்டிய பலம் அங்கேயே நின்றுவிடும். கலப்பு சிமென்டுக்கு 10 நாள் நீராற்றுதல் கட்டாயம், 14 நாள் நல்லது என்கிறது ஐ.எஸ். 456. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். தூண்களுக்கு ஈரச்சாக்கு சுற்றுங்கள்.

மூட்டையில் ஐ.எஸ். 455 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதில் 25 முதல் 70 விழுக்காடு வரை ஸ்லாக் ஆலையிலேயே கலந்திருக்கும். பி.பி.சி. மூட்டையில் ஏற்கெனவே நிலக்கரிச் சாம்பல் இருப்பதால், அதோடு ஸ்லாக் தூளைச் சேர்க்க வேண்டாம்.

பலம் மெல்ல ஏறுவதால், சென்ட்ரிங் பிரிக்கும் நாளைப் பொறியாளர் சொல்லட்டும். கூடுதல் நாள் வாடகையை இப்போதே மதிப்பீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். பணம் கணக்கில் இருந்தால் முட்டுகளை உருவ யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்