தாவல் மேடும் இறங்கு சரிவும்: மோட்டோகிராஸ் தடத்தின் பாதுகாப்பு

மேடும் பள்ளமும் நிறைந்த மண் தரையில் மோட்டார் சைக்கிள்களை ஓட்டிப் போட்டியிடும் விளையாட்டு மோட்டோகிராஸ் எனப்படும். இது 1924ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸர்ரே பகுதியிலுள்ள கேம்பர்லியில் நடந்த ஒரு போட்டியிலிருந்து வளர்ந்தது. 1957 முதல் உலகச் சாம்பியன் போட்டியாகவும் நடைபெற்று வருகிறது. தொழில்முறை வீரர்களுக்கு உரிய தடங்களை வல்லுநர்கள் அமைக்கின்றனர். பொழுதுபோக்காக ஓட்டும் இளைஞர்களோ, கிடைத்த நிலத்தில் தாங்களே மேடுகளை எழுப்பிக்கொள்கின்றனர். அபாயம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

தென்னிந்தியாவில் மோட்டார் பந்தயமும் இரவல் நிலத்திலேயே தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமாகிய சோழவரத்தில், 1953இல் நிறுவப்பட்ட மதராஸ் மோட்டார் விளையாட்டு மன்றம் பல்லாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. பந்தயத்திற்கெனவே அமைக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990இல்தான் திறக்கப்பட்டது. தனித் தடம் அமைந்த பின்னரும் அபாயம் முற்றிலும் நீங்கிவிடவில்லை. 2023 ஆகஸ்டில் அங்கு நடந்த தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் வீழ்ந்து உயிரிழந்தான். அவ்வார இறுதியின் எஞ்சிய பந்தயங்கள் கைவிடப்பட்டன. அது தார்த் தடம். மண் தடம் அன்று. எனினும், வீழ்ச்சி நேரும் என்று கொண்டே தடத்தைத் திட்டமிட வேண்டும் என்னும் பாடம் இரண்டிற்கும் பொதுவானது.

தாவலின் பௌதிகம்

ஏறு சரிவின் முனையைவிட்டு வண்டி நீங்கியதும், அது எறியப்பட்ட கல்லைப் போன்றதே. அதன் பின்னர் எஞ்சினாலும் பிரேக்காலும் அது செல்லும் பாதையை மாற்ற இயலாது. புறப்பட்ட வேகமும் சாய்வுமே அது விழும் இடத்தைத் தீர்மானிக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். ஏறு சரிவின் சாய்வு 20 பாகை என்க. காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால், மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படும் வண்டி, புறப்பட்ட மட்டத்திற்கே மீளும்போது ஏறத்தாழ 14.7 மீட்டர் கடந்திருக்கும். வேகம் 48 கிலோமீட்டராயின் அத்தூரம் 11.7 மீட்டர், 60 கிலோமீட்டராயின் 18.2 மீட்டர். வேகம் ஒன்பதில் ஒரு பங்கு குறைந்தால், தூரம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்திருப்பதே இதன் காரணம்.

இரு மேடுகளுக்கு நடுவே 13 மீட்டர் வெற்றுப் பள்ளம் இருப்பதாகக் கொள்க. 54 கிலோமீட்டர் வேகத்தில் வருபவன் அதைக் கடந்துவிடுவான். 48 கிலோமீட்டரில் வருபவனோ எதிர்மேட்டின் முகத்தில் மோதுவான். பயிற்சி குறைந்தவரிடம் இந்த 6 கிலோமீட்டர் வேறுபாடு ஒவ்வொரு சுற்றிலும் நேரக்கூடியது. ஆதலின், பொழுதுபோக்குத் தடத்தில் இரு மேடுகளின் இடைவெளியை மண்ணால் நிரப்பி, மேற்பரப்பை மேசைபோல் சமமாக்குதல் வேண்டும். அப்போது குறுகத் தாவியவனும் மேட்டின்மீதே இறங்குவான்; குலுங்குவானேயன்றி மோதமாட்டான்.

வீழும் வேகம்

இறங்கும்போது உடலைத் தாக்குவது வண்டியின் முழு வேகமன்று. தரைக்குச் செங்குத்தான பகுதி மட்டுமே. 54 கிலோமீட்டர் வேகத்தில் தாவியவன் புறப்பட்ட மட்டத்திலேயே உள்ள சமதரையில் இறங்கினால், அந்த அதிர்ச்சி 1.3 மீட்டர் உயரத்திலிருந்து நேரே விழுவதற்கு ஒப்பாகும். அதே மட்டத்தில், செல்லும் திசையில் 15 பாகை சரிந்த தரையில் இறங்கினால், அது 9 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கே ஒப்பாகும். இறங்கு சரிவையும் தாண்டி, 2 மீட்டர் தாழ்வான சமதரையில் விழுந்தாலோ, அது 3.3 மீட்டர் வீழ்ச்சிக்குச் சமம்.

இதிலிருந்து இரு விதிகள் பெறப்படுகின்றன. முதலாவது, இறங்கு சரிவு நீண்டிருத்தல் வேண்டும். இரண்டாவது, மேட்டை அணுகும் வேகத்தைத் தடமே கட்டுப்படுத்த வேண்டும். மேட்டிற்கு முன் நீண்ட நேர்வழி இருந்தால் ஓட்டுபவன் எல்லை மீறிய வேகத்தில் வருவான். அருகில் ஒரு வளைவு இருந்தால் அவ்வேகத்தை அடைய இயலாது. எச்சரிக்கைப் பலகையைவிட வளைவே நம்பத்தக்க காவலன்.

இடப்பள்ளியின் மண்ணும் மழையும்

கொச்சி நகரின் இடப்பள்ளி இக்கணக்கிற்கு நல்ல உரைகல். அப்பகுதியில் தாழ்நிலம் மிகுதி. இடப்பள்ளித் தோடும் அதனூடே செல்கிறது. கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை பொழிகிறது. மேடு கட்டுவதற்கு எளிதில் கிடைக்கும் மண், மலையாளிகள் வெட்டுக்கல் என்று வழங்கும் செம்புறைக்கல்லின் சிதைவு. பிரான்சிஸ் புக்கானன் 1807இல் கேரளத்து அங்காடிப்புரத்துப் பாறையைக் கொண்டு விவரித்ததும் இக்கல்லையே. இம்மண் உலர்ந்தால் புழுதியாகவும் உருளும் பரலாகவும் மாறுகிறது, நனைந்தால் வழுக்குகிறது.

காலையில் 54 கிலோமீட்டர் வேகத்தைத் தந்த ஓடுபாதை, ஒரு மழைக்குப் பின் 48 கிலோமீட்டரையே தரக்கூடும். மேடு மாறவில்லை; ஓட்டுபவனும் மாறவில்லை; தாவும் தூரம் மட்டும் 3 மீட்டர் குறைந்துவிட்டது. ஆதலின், நீர் வடியும் கால்வாய் மேட்டின் இருபுறமும் அமைய வேண்டும். மழைக்குப் பின் மேடுகளை மீண்டும் சோதிக்காமல் எவரையும் ஓட விடலாகாது.

தடத்தின் பிற கூறுகள்

சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனத்தின் விதிகள் தடத்தின் அகலம் எங்கும் 6 மீட்டருக்குக் குறையலாகாது என்கின்றன. எதிரெதிர்த் திசையில் செல்லும் இரு பகுதிகள் அடுத்தடுத்து அமைந்தால், தடம் விலகியவன் எதிரே வருபவனோடு மோதுவான். எனவே அவற்றினிடையே போதிய வெற்றிடம் வேண்டும். மரம், கம்பம், கல் ஆகியவை தடத்தின் ஓரத்தில் இருத்தலாகாது. பார்வையாளர் வளைவின் வெளிப்புறத்தில் நிற்பதும் தகாது.

மேட்டின் மறுபுறத்தில் வீழ்ந்து கிடப்பவனைப் பின்வருபவன் காண இயலாது. ஆதலின், ஒவ்வொரு தாவல் மேட்டிலும் மஞ்சள் கொடியுடன் ஒரு காவலர் நிற்றல் இன்றியமையாதது. அவரின்றி அம்மேட்டைத் திறந்து வைத்தல் கூடாது.

சேலத்திலிருந்து கோயம்புத்தூர், பாலக்காடு வழியே வரும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இடப்பள்ளியில் 66ஆம் எண் நெடுஞ்சாலையோடு கூடுகிறது. இத்தகைய சந்திப்பில் மருத்துவமனை அருகில் இருப்பினும் வழி நெரிசலால் அடைபடலாம். ஆம்புலன்ஸ் தடத்தருகிலேயே நிற்பதும், அது தடத்தைக் குறுக்கிடாமல் வெளியேற வழி இருப்பதும் ஓட்டம் தொடங்குமுன் உறுதிசெய்யப்பட வேண்டியவை.

தலைக்கவசமும் மார்புக்கவசமும் காயத்தின் கடுமையைக் குறைக்கும். தவறான மேட்டைத் திருத்தமாட்டா. மண்வெட்டியை எடுக்குமுன் அளவுநாடாவையும் எழுதுகோலையும் எடுத்தல் நன்று. தாளில் கண்ட பிழையை அழிப்பான் திருத்தும். தடத்தில் விட்ட பிழையை ஓர் இளைஞனின் முதுகெலும்பே தாங்க நேரும்.