ஒரு மாநிலம், இரண்டு சிசேரியன் கணக்கு

பிரசவம் பற்றிய தேசியப் புள்ளிவிவரங்களைத் தொடர்ந்து படித்துவருவதில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், மாநில சராசரியோடு நின்றுவிடக் கூடாது என்பது. 2005-06இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியப் பிரசவங்களில் 8.5 சதவீதம் சிசேரியன். 2019-21 ஆய்வில் 21.5 சதவீதம். தமிழ்நாட்டில் 44.9, பீகாரில் 9.7. இதைப் பார்த்ததும் தமிழ்நாட்டில் கத்தி அதிகம், பீகாரில் எல்லாம் அளவோடு என்று தோன்றும். பீகாரின் கணக்கைப் பிரித்துப் பாருங்கள்: அரசு மருத்துவமனைகளில் 3.6, தனியாரில் 39.6. அறுவை செய்தே ஆக வேண்டிய ஏழைப் பெண்ணுக்கு அது கிடைக்காமல் போவதும், தேவையில்லாத பெண்ணுக்குச் செய்யப்படுவதும் ஒரே மாநிலத்தில் நடக்கின்றன. 9.7 என்ற சாதுவான எண் இரண்டையும் மூடிவிடுகிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையில் 36, தனியாரில் 63.8, தெலங்கானாவின் தனியார் மருத்துவமனைகளில் 81.5. எந்த வாசலில் நுழைகிறோம் என்பது பிரசவ முறையை இந்த அளவுக்குத் தீர்மானிப்பது எனக்குக் கவலை தருகிறது.

இதற்குச் சொல்லப்படும் பதில்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தாயின் வயது கூடிவிட்டது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பெருகிவிட்டன என்கிறார்கள். உண்மைதான். ஆனால் நிலைமை மோசமான பெண்களை மற்ற இடங்களிலிருந்து அனுப்பிவைப்பது பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு. அப்படியிருக்கத் தனியாரின் விகிதம் இவ்வளவு உயர்ந்திருப்பதை நோய் மட்டும் விளக்காது. வலிக்குப் பயந்தும் நல்ல நேரம் பார்த்தும் குடும்பமே கேட்கிறது என்பது அடுத்த பதில். கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிரசவ அறையில் துணைக்கு ஆள் இல்லாமல், வலியைக் குறைக்க வழியும் சொல்லாமல் ஒரு பெண்ணைப் படுக்க வைத்துவிட்டு, அவள் பயந்து கேட்பதை அவளுடைய விருப்பம் என்று எழுதிக்கொள்வது நியாயமில்லை.

சிசேரியன் பெருகியதால்தான் தாய்மார் பிழைக்கிறார்கள் என்ற வாதமே மிக வலுவானது. உரிய நேரத்து அறுவை உயிர் காக்கும். அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் 25.4 சதவீத சிசேரியன் உள்ள மகாராஷ்டிரத்தில், 2018-20 கணக்கின்படி, ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 33 தாய்மார் இறந்தனர், 60.7 சதவீதம் உள்ள தெலங்கானாவில் 43 பேர். இரு மாநில ஒப்பீடு முழு நிரூபணம் ஆகாது. என்றாலும், மக்கள்தொகை அளவில் 10 சதவீதத்துக்கு மேல் போனால் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னதோடு இது ஒத்துப்போகிறது. குறிப்பிட்ட விகிதத்தை எட்டுவதை இலக்காக வைக்காமல், தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அறுவை கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் அந்த நிறுவனம் சொன்னது. அதனால் மருத்துவமனைகளுக்கு உச்சவரம்பு விதிப்பதை நான் ஏற்கவில்லை. எண்ணுக்குப் பயந்து அவசர அறுவையைத் தள்ளிப்போட்டால் போவது உயிர்.

சரியான கணக்குக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. மைக்கேல் ராப்சன் 2001இல் முன்வைத்த முறை, பிரசவத்துக்கு வரும் பெண்களைப் பத்துப் பிரிவாகப் பிரிக்கிறது. அதன் முதல் பிரிவு: தலைப்பிரசவம், ஒற்றைக் குழந்தை, தலை கீழே, மாதம் நிறைந்து தானாக வலி எடுத்தவர்கள். ஒரு மருத்துவமனையை எடைபோட நான் முதலில் பார்க்க விரும்புவது இந்தப் பிரிவின் சிசேரியன் விகிதத்தைத்தான். முதல் குழந்தைக்கு அறுவை என்றால் அடுத்ததற்கும் பெரும்பாலும் அறுவைதான். அறுவை கூடக்கூட, நஞ்சு பழைய தழும்பில் ஆழமாக ஒட்டிக்கொண்டு பெரும் ரத்தப்போக்கை உண்டாக்கும் ஆபத்தும் கூடுகிறது. ஒவ்வொரு மருத்துவமனையும் இந்தக் கணக்கை வெளியிட அரசு கட்டாயப்படுத்த வேண்டும். அதுவரை, ஏழாம் மாதத்திலேயே மருத்துவரிடம் கேளுங்கள்: தலைப்பிரசவத்துக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இங்கே சுகப்பிரசவம் ஆகிறது, பிரசவ அறையில் துணைக்கு ஒருவர் இருக்கலாமா, வலிக்கு என்ன செய்வீர்கள், அறுவை என்று முடிவெடுத்தால் காரணத்தை எழுதித் தருவீர்களா?