போடியில் இருந்தபடி ஜோடி கோடிங்

போடிநாயக்கனூரில் வீட்டிலிருந்தே ஐடி வேலையா? சென்னை நண்பரோடு ஒரே திரையில் சேர்ந்து கோடு எழுதும் ‘பேர் புரோகிராமிங்’ பிழைகளை உடனே பிடித்துவிடும்; ஆளையும் சீக்கிரம் களைப்பாக்கிவிடும். கூடவே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் மனத்துக்கு ஓய்வேது?

* ஜோடி வேலை ஒரு நாளில் நாலைந்து மணி நேரம் போதும். மெயில், படிப்பு, சில்லறை வேலைகளைத் தனியே பாருங்கள்.

* 25 நிமிடத்துக்கு ஒருமுறை கீபோர்டைக் கைமாற்றுங்கள். மாற்றும் முன் கோடைச் சேமித்து சர்வருக்கு அனுப்பிவிடுங்கள். காற்று மழையில் கரண்ட் போனாலும் மற்றவர் தொடரலாம். யாரும் ராத்திரி உட்கார்ந்து ஈடுகட்ட வேண்டாம்.

* குரங்கணி, போடிமெட்டு மலைப் பக்கம் போகும் நாளில் சிக்னலை நம்பி ஜோடி வேலை வைக்காதீர்கள்.

* ஏலத்தோட்ட ஜீப்புக்கு விடியுமுன் கிளம்புகிறவர்கள் இருக்கும் வீட்டில் காலைத் தூக்கம் கிடைக்காது. அமெரிக்க போன் கால் நள்ளிரவுவரை இழுத்தால், மறுநாள் ஜோடி வேலையை மதியத்துக்குத் தள்ளுங்கள்.

மேலாளர் முணுமுணுத்தால் ஒரு தகவல்: இந்த முறையைப் பிரபலப்படுத்திய கென்ட் பெக்கின் 1999 நூல், வாரம் 40 மணி நேரம் என்பதையும் அதே விதிகளில் சேர்த்திருக்கிறது. தொடர்ந்து இரண்டாவது வாரம் ஓவர்டைம் கூடாதாம். அந்தப் பக்கத்தை மட்டும் பலரும் புரட்டுவதில்லை!