கொல்லையில் ஒரு ஸ்கேட்டிங் ரேம்ப்: கட்டவும் காக்கவும் 19 குறிப்புகள்

சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரப் பிள்ளைகளுக்கு ஸ்கேட்போர்டு புதிய சங்கதி இல்லை. மாமல்லபுரத்துச் சிறுமி கமலியைப் பற்றி 2019-ல் ஒரு ஆவணக் குறும்படமே வந்தது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு முதல் முறையாகப் போட்டியில் சேர்ந்தது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் மகள் கேட்டாள். கொல்லையில் மரத்தால் ஒரு மினி ரேம்ப் கட்டினோம். சில மழைக்காலங்களைப் பார்த்துவிட்ட பிறகு சொல்கிறேன்: ரேம்ப் கெடுவது சக்கரம் உருளும் மேல்பக்கத்தில் அல்ல, யாரும் குனிந்து பார்க்காத அடிப்பக்கத்தில். கீழே வரும் குறிப்புகளில் சில அதைப் பற்றித்தான்.

1. முதலில் இடத்தை அளந்துகொள்ளுங்கள். இரண்டு பக்க மேடையும் சேர்த்து ரேம்ப்பின் நீளம் 27½ அடி வரும், அகலம் 8 அடி. சுற்றிலும் 3 அடியாவது காலியாக இருக்க வேண்டும். தென்னை மரத்தடி வேண்டவே வேண்டாம். செப்டிக் டேங்க் மூடி ரேம்ப்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல் பாருங்கள். சுத்தம் செய்ய லாரி வரும் நாளில் எதைப் பிரிப்பது?

2. உயரம் 3 அடி, வளைவின் ஆரம் 7 அடி. கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இது போதும், பெரியவர்களும் சலிக்காமல் ஓட்டலாம். உயரம் மட்டுமே முக்கியம் என்று நினைத்து ஆரத்தைக் குறைத்துவிடுகிறார்கள். ஆரம் குறைந்தால் வளைவு சட்டென்று செங்குத்தாகிவிடும், 3 அடியிலேயே பிள்ளை மிரண்டுவிடும். வளைவு தரையில் எவ்வளவு நீளம் எடுக்கும் என்பதற்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். ஆரம், உயரம் இரண்டையும் பெருக்கி இரட்டிப்பாக்குங்கள்: 42. உயரத்தின் வர்க்கம் 9-ஐக் கழித்தால் 33. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 5¾ அடி.

3. இரண்டு வளைவுக்கும் நடுவே 8 அடி சமதளம் விடுங்கள். 1970-களில் கலிபோர்னியாவில் வறட்சியால் வற்றிய நீச்சல் குளங்களில் ஓட்டிப் பழகியவர்கள் மரத்தில் கட்டிய ஆரம்பகால ரேம்ப்புகள் வெறும் 'யூ' வடிவம்தான். நடுவில் சமதளம் பிறகுதான் வந்தது. ஒரு வளைவில் இறங்கி அடுத்ததில் ஏறுவதற்குள் காலைச் சரியாக வைத்துக்கொள்ள அந்த 8 அடிதான் அவகாசம் தருகிறது. இடம் போதவில்லை என்றால் மேடையைச் சுருக்குங்கள், இதைச் சுருக்காதீர்கள்.

4. தரை மட்டம் பார்க்க ரசமட்டம் மட்டும் போதாது. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலைக் கேட்டு வாங்குங்கள். 27 அடி நீளத்துக்குத் தண்ணீர் பொய் சொல்லாது.

5. மரம் எந்த இடத்திலும் மண்ணைத் தொடக்கூடாது. மண்ணை இறுக்கி, கறுப்புப் பாலித்தீன் ஷீட் விரித்து, அதன் மேல் ஜல்லி பரப்பி, சாலிட் பிளாக் கற்களை வரிசையாக வைத்து, அவற்றின் மேல்தான் சட்டம் உட்கார வேண்டும். பிளாக்குக்கும் மரத்துக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தால் ஈரம் ஏறாது, சத்தமும் கொஞ்சம் அடங்கும்.

6. பிளைவுட் வாங்கும்போது 'வாட்டர் ப்ரூஃப்' என்ற வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். பலகையில் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மெரைன் பிளைக்கான தரம் அதுதான். ஐ.எஸ். 303 என்பது வீட்டுக்குள் அலமாரி செய்யும் சாதாரண ரகம். முதல் தடவை மெரைன் என்று சொல்லி எங்களுக்குக் கொடுத்த பலகை ஒரே ஐப்பசி மழையில் அப்பளம் போல அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. அதன்பிறகு நான் செய்வது இதுதான்: ஒரு சின்னத் துண்டைக் கேட்டு வாங்கி வந்து, பழைய பாத்திரத்தில் போட்டு நாலு மணி நேரம் கொதிக்க விடுவேன். தரப் பரிசோதனையில் 72 மணி நேரம் கொதிக்க வைப்பார்கள்; நம் அடுப்புக்கு நாலு மணி நேரம் போதும். எடுத்து ஆறவைத்து, ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பிப் பாருங்கள். அடுக்கு பிரிந்தால் அந்தப் பலகை வேண்டாம்.

7. 8-க்கு 4 அடிப் பலகைகள் எத்தனை வேண்டும்? ஓடும் பரப்பின் மொத்த நீளம் ஏறக்குறைய 21½ அடி. ஒரு அடுக்குக்கு 6 பலகை வீதம் மூன்று அடுக்குக்கு 6 மி.மீ. பலகை 18. பக்கத்துக்கு மூன்றாக வளைவுப் பலகைகள் ஆறுக்கும் மேடைகள் இரண்டுக்கும் 18 மி.மீ. பலகை 8. சட்டத்துக்கு 3-க்கு 2 அங்குல மரம். நன்றாகக் காய்ந்த மரமாகப் பாருங்கள். பச்சை மரம் காயக் காய முறுக்கிக்கொள்ளும்.

8. வளைவு வரைவதுதான் உயிரான வேலை. கயிற்றைக் கட்டி வரையாதீர்கள், கயிறு இழுபடும். நீளமான ரீப்பர் ஒன்றை எடுத்து, ஒரு முனையில் ஆணி, அங்கிருந்து சரியாக 7 அடியில் ஓட்டை போட்டு அதில் பென்சில். நாங்கள் மொட்டை மாடியில் பலகையைக் கிடத்தி வரைந்தோம். பலகையின் நீளப்பக்கம்தான் அடிப்பக்கம். சமதளச் சட்டத்தின் உயரம் 3 அங்குலம் என்பதால், இடது ஓரத்தில் கீழிருந்து 3 அங்குலம் மேலே ஒரு புள்ளி வைத்தோம். வளைவு அங்கேதான் தொடங்கும். அந்தப் புள்ளிக்கு நேர் மேலே 7 அடியில் ஆணி வர வேண்டும். அது பலகையைத் தாண்டி 3¼ அடி தள்ளி விழும், அதனால் அங்கே ஒரு மரத்துண்டைப் போட்டு, மேலே அரைமூட்டை மணலை வைத்து, அதில் ஆணியடித்தோம். மகள் ஆணிப் பக்கம் உட்கார்ந்து ரீப்பரைப் பிடித்துக்கொள்ள, நான் பென்சிலை நகர்த்தினேன். 5¾ அடியில் கோடு சரியாக 3 அடி உயரத்தைத் தொட்டது. இரண்டு பேரும் டேப்பை வைத்து மூன்று முறை அளந்து பார்த்தோம்.

9. ஆறையும் தனித்தனியாக வரையாதீர்கள். முதல் பலகையை ஜிக்சா மிஷினில் வெட்டி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, அதையே அச்சாக வைத்து மற்ற ஐந்தையும் வரையுங்கள். முதல் பலகையில் விட்ட பிசிறு ஆறிலும் வரும், எனவே அதற்கு ஒரு நாள் முழுக்கச் செலவழித்தாலும் தகும்.

10. வெட்டிய விளிம்புதான் தண்ணீர் குடிக்கும் வாய். பூட்டுவதற்கு முன்பே எல்லா விளிம்புக்கும் இரண்டு கை பிரைமர், இரண்டு கை எனாமல் அடித்துவிடுங்கள். பலகையின் அடிப்பக்கத்துக்கும் அப்படியே. பூட்டிய பிறகு அங்கே பிரஷ் நுழையாது.

11. வளைவுப் பலகைகளுக்கு நடுவே குறுக்குச் சட்டங்களை 8 அங்குலத்துக்கு ஒன்றாக வையுங்கள். படத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் ஆசாரி, "படகுக்கு விலா வைக்கிற வேலைதானேம்மா இது" என்றார். அதன்பிறகு நான் சொல்ல ஒன்றுமில்லாமல் போனது. சட்டத்தின் மேல்முகம் வளைவுக் கோட்டை ஒட்டி நிற்க வேண்டும். ஒன்று தூக்கிக்கொண்டிருந்தாலும் ஓட்டும்போது காலுக்குத் தெரியும். மேலே பைப் வரும் இடத்துக்கு அடியில் இரட்டைச் சட்டம் கொடுங்கள்.

12. வளைவின் உச்சியில் பதிக்கும் பைப்பைக் கோப்பிங் என்பார்கள். 2 அங்குல ஜி.ஐ. பைப், நடுத்தர கனம். வெளிவிட்டம் 60 மி.மீ. இருக்கும். மேடையை விடவும், ஓடும் பரப்பை விடவும் அது 10 மி.மீ. மட்டும் துருத்த வேண்டும். அதற்கு மேல் போனால் சக்கரம் இடித்து ஆளைத் தள்ளும். சமமாகவே இருந்தால் ஸ்கேட்போர்டு எங்கே நிற்கிறது என்று காலுக்குத் தெரியாது. 18 மி.மீ. பலகை, 10 மி.மீ. துருத்தல், ஆக 28. அறுபதில் 28 போக 32 மி.மீ. பள்ளத்தை வளைவுப் பலகையின் மூலையில் இரு பக்கமும் வெட்டுங்கள். பைப்பைப் பூட்ட, முன்பக்கம் பெரிய ஓட்டையும் பின்பக்கம் சின்ன ஓட்டையும் போட்டால் ஸ்க்ரூவின் தலை உள்ளே போய்ப் பின்சுவரில் பிடித்துக்கொள்ளும். வெளியே எதுவும் நீட்டாது.

13. மெல்லிய பலகைகளைக் குறுக்காக, அதாவது 8 அடிப் பக்கம் ரேம்ப்பின் அகலத்தில் வருமாறு விரியுங்கள். அப்போதுதான் அடம்பிடிக்காமல் வளையும். ஒரு அடுக்கின் இணைப்புக்கு மேல் அடுத்த அடுக்கின் இணைப்பு வரவே கூடாது. செங்கல் கட்டில் மூட்டு மாற்றி வைக்கிறோமே, அதே கணக்கு. வளைவு தொடங்கும் இடத்தில் மேல் அடுக்கின் இணைப்பு விழாமல் பாருங்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி அவசியம். மழையில் மரம் உப்பும்போது இடமில்லாவிட்டால் முட்டிக்கொண்டு மேலே எழும்பிவிடும்.

14. ஆணி வேண்டாம், ஸ்க்ரூ மட்டும். சக்கரம் அதிர அதிர ஆணி மேலே வந்துவிடும். கடற்காற்று அடிக்கும் ஊரானால் எஸ்.எஸ். ஸ்க்ரூதான் தாங்கும். முதலில் டிரில் போட்டு, தலை மரத்துக்குள் அரை மி.மீ. அமிழும்படி முடுக்குங்கள்.

15. மேல்பரப்புக்குத் தகரம், இரும்புத் தகடு போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் அதன் மேல் விழுந்த பிள்ளையின் தோல் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஹார்ட்போர்டு முதல் மழையிலேயே ஊறிவிடும். மெரைன் பிளையின் மேல் வெளிப்புற எனாமல் மூன்று கை, ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி ஒரு கை. அவ்வளவுதான்.

16. மேடை 4 அடி அகலம் இருந்தால் இரண்டு பேர் நிற்கலாம். பின்பக்கமும் இரு ஓரமும் 3½ அடி உயரக் கைப்பிடி கட்டாயம்.

17. மழைக்காலம்தான் சோதனை. தார்ப்பாயை ரேம்ப் மேல் நேரடியாகப் போர்த்தி மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். உள்ளே வேர்த்து, மழையில் நனைந்ததை விட மோசமாகப் பூஞ்சை பிடிக்கும். கைப்பிடிக்குக் கைப்பிடி கயிறு கட்டிப் பந்தல் போல ஒரு முழமாவது தூக்கிக் கட்டுங்கள். மழை விட்ட பகலில் திறந்து விடுங்கள். சமதளத்தில் தேங்கும் நீரை வைப்பரால் தள்ளி, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பக்கவாட்டைப் பலகையால் அடைக்காதீர்கள். பாம்பு, எலி பயத்துக்குக் கண் சிறிய கம்பி வலை அடித்தால் போதும், காற்று போய் வரும்.

18. வாரம் ஒருமுறை மணலைப் பெருக்கிவிட்டு, ஸ்டீல் ஸ்கேலைப் படுக்கையாக வைத்துப் பரப்பு முழுக்க இழுங்கள். துருத்திய ஸ்க்ரூ இருந்தால் 'டக்' என்று தட்டும். மாதம் ஒருமுறை சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டொக்' என்று கணீரென ஒலிக்கும், அழுகத் தொடங்கிய இடம் 'பொத்' என்று செத்த சத்தம் தரும். அங்கே ஒட்டுப் போடாமல் அந்த முழுப் பலகையையும் கழற்றி மாற்றுங்கள். அப்படியே டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் குனிந்து, பிளாக் கற்களின் மேல் மண் கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். அது கரையான். கோட்டைத் துடைத்துவிட்டால் போய்விடாது. உடனே மருந்தடிக்க ஆளைக் கூப்பிடுங்கள். எங்களுக்கு ஒரு தை மாதம் இரண்டு சட்டம் போனது, பார்க்கத் தவறிய ஆறே வாரத்தில்.

19. ரேம்ப் ஒரு பெரிய மத்தளம். கட்டுவதற்கு முன்பே பக்கத்து வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். இரவு ஏழு மணிக்கு மேல் ஓட்டுவதில்லை, பொதுத்தேர்வு நடக்கும் மார்ச் மாதம் மாலையில் ஓட்டுவதில்லை என்று நாங்களே எழுதி வாசலில் ஒட்டினோம். ஒரு சண்டையும் வந்ததில்லை. ஹெல்மெட், முழங்கால் பட்டை, மணிக்கட்டுப் பட்டை இல்லாமல் யாரையும் ஏறவிடாதீர்கள், பனி ஈரம் காயாத காலையிலும் விடாதீர்கள். விழும்போது முழங்கால் பட்டையில் சறுக்கி இறங்குவதை முதல் வாரத்திலேயே பழக்குங்கள். ஹெல்மெட் மட்டும் இரண்டு கூடுதலாக வாங்கி மேடைக் கைப்பிடியில் மாட்டி வையுங்கள்: சத்தம் கேட்டுக் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்க்கும் தெருப் பிள்ளைகளையும் உள்ளே கூப்பிடுங்கள்.