பயர்பொக்ஸ் உலாவி: எந்தக் கணினிக்கு எந்தப் பதிப்பு?

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளை உலாவி என்கிறோம். சங்கங்களுக்கும் வாசிகசாலைகளுக்கும் நன்கொடையாகக் கிடைக்கும் கணினி பழையதாக இருப்பதுண்டு. அதில் வங்கிக் கணக்கைத் திறக்குமுன் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அதிலுள்ள உலாவி இன்றும் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறுகின்றதா? பணம் கொடாது பெறக்கூடிய பயர்பொக்ஸை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1. தோற்றம்

1998 இல் நெற்ஸ்கேப் நிறுவனம் தனது உலாவியின் மூலநிரலை வெளியிட்டது. அதிலிருந்து வளர்ந்த மொசில்லாத் திட்டத்தின் பயனே பயர்பொக்ஸ். அதன் 1.0 பதிப்பு 2004 நவம்பர் 9 இல் வெளிவந்தது. இது விலையின்றிக் கிடைப்பது மட்டுமன்று. இதன் மூலநிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். குரோம், எட்ஜ், ஒப்பெரா ஆகிய மூன்றும் குரோமியம் என்னும் ஒரே அடித்தளத்தில் அமைந்தவை. பயர்பொக்ஸோ கெக்கோ என்னும் தனக்குரிய இயந்திரத்தில் இயங்குகின்றது. ஆயினும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் தேடுபொறியை முன்வைப்பதற்காகக் கிடைக்கும் பணமே என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

2. வசதிகள்

(அ) நாம் செல்லும் தளங்களைப் பின்தொடர்ந்து கவனிக்கும் விளம்பர நிறுவனங்களின் குக்கிகளை, 2019 செப்டெம்பர் முதல் தானாகவே தடுக்கின்றது.

(ஆ) தேவைக்கேற்ற நீட்சிகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

(இ) பட்டியல்களைத் தமிழிலும் பெறலாம்.

(ஈ) தனிப்பட்ட சாளரத்தை மூடியதும் பார்த்த பக்கங்களின் பதிவு கணினியிலிருந்து நீங்கிவிடும். பலர் பாவிக்கும் கணினிக்கு இது மிகவும் பயனுடையது. ஆனால் பதிவிறக்கிய கோப்புகள் கணினியில் எஞ்சியிருக்கக்கூடும். இணையச் சேவை வழங்குநரிடமிருந்தும் இது நம்மை மறைக்காது.

3. இயங்கும் இடங்கள்

விண்டோஸ் 10, 11: புதிய பதிப்புகள் இயங்கும்.

விண்டோஸ் 7, 8, 8.1: 2023 இல் வந்த 115 ஆம் பதிப்பு வரையே இயங்கும்.

விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா: பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 உடன் நின்றுவிட்டன.

லினக்ஸ்: 64 பிற் கணினிகளில் இயங்கும். 32 பிற் பதிப்பு 2025 இல் 144 ஆம் பதிப்புடன் முடிவுற்றது.

அப்பிள் கணினிகள்: மக் இயங்குதளத்திற்கும் தனிப் பதிப்பு உண்டு.

கைத்தொலைபேசிகள்: அன்ட்ரொயிட்டில் நீட்சிகளுடன் இயங்கும். ஐபோனில் அப்பிளின் வெப்கிற் இயந்திரத்தின் மேல் இயங்குவதால் நீட்சிகள் இல்லை.

எனவே பழைய கணினியை உடனே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அதன் செயலி 64 பிற் ஆயின், அதற்கு ஏற்ற இலவச லினக்ஸ் ஒன்றை நிறுவிப் புதிய பயர்பொக்ஸைப் பாவிக்கலாம். மென்பொருளை மொசில்லாவின் தளத்திலிருந்தே பெறுங்கள். எக்ஸ்பியிலேயே இயங்கும் கணினியில் கடவுச்சொல் எதனையும் இடாதிருத்தலே பாதுகாப்பு.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் சங்கக் கணினியின் இயங்குதளம் எது? "உதவி" என்னும் பட்டியலில் உலாவியின் பதிப்பு எண்ணைப் பார்த்து எழுதுங்கள்.

2. அக்கணினியில் எவருடைய கடவுச்சொற்கள் சேமிக்கப்பட்டுள்ளன? அவை அங்கு இருக்கத்தான் வேண்டுமா?

3. "விலையின்றிக் கிடைப்பது", "எவரும் திருத்தக்கூடியது" என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாடு யாது?